இருபத்தொன்பது பவுண்டு

அந்தப் பெஞ்சில் அமராதீர்கள் ஐயா. இன்னும் கால் மணி நேரத்தில் வெயில் அங்கே வந்துவிடும். இப்படி, கொட்டகையின் நிழலுக்கு வாருங்கள். மகளைச் சேர்க்க வந்திருக்கிறீர்கள், அப்படித்தானே? சான்றிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போன பெண் உங்கள் மகள்தான் என்பதை நடையிலேயே தெரிந்துகொண்டேன். பள்ளியை நடத்தும் கேப்டன் வர நண்பகல் ஆகும். ஆடிக் காற்று அடிக்கிறது பாருங்கள், இன்று ஒரு விமானமும் எழும்பாது. ஆகையால் எனக்கும் வேலை இல்லை; உங்களுக்கும் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

என் பெயர் அர்த்தநாரி. இந்தப் பள்ளியில் நான்கு சிறிய விமானங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று சக்கரங்கள். ஆகப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு சக்கரங்களுக்கும் பதினோரு ஆண்டுகளாக நான்தான் பொறுப்பு.

காற்றடிப்பதற்கென்று ஓர் ஆளா என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், தவறில்லை. கேட்காதவர் இல்லை. விமானம் என்றால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அது வானத்தில் இருக்கும் வரையில் யாருக்கும் ஆபத்தில்லை ஐயா. தரையைத் தொடும் அந்தக் கணத்தில்தான் உயிர் முழுவதும் ஒரு ஜாண் அகல ரப்பரின் மேல் வந்து உட்காருகிறது. அந்த ரப்பருக்குள் இருப்பது வெறும் காற்று. அந்தக் காற்றுக்கு நான் பொறுப்பு. இப்போது சொல்லுங்கள், ஓர் ஆள் வேண்டுமா வேண்டாமா?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பேச்சைக் கேட்டால் அப்படித் தெரியாது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். சங்ககிரியில் இருபத்தேழு ஆண்டுகள் லாரி டயர்க் கடை வைத்திருந்தேன். லாரிச் சக்கரத்துக்கு நூற்றுப்பத்து பவுண்டு காற்று வேண்டும். இந்த விமானத்தின் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இருபத்தொன்பதே பவுண்டு போதும். முன்சக்கரத்துக்கு வேறு எண். அது இப்போது நமக்கு வேண்டாம். இருபத்தொன்பது. நூற்றுப்பத்தை ஆண்ட கைக்கு இருபத்தொன்பது ஒரு பொருட்டா என்று நீங்கள் நினைக்கலாம். குறைவான காற்றைச் சரியாக வைப்பதுதான் ஐயா கடினம். நூற்றுப்பத்தில் ஐந்து குறைந்தால் லாரி அறியாது. இருபத்தொன்பதில் ஐந்து குறைந்தால்... சரி. அதைச் சொல்லத்தானே போகிறேன்.

பழைய பொறியாளர் இருந்தவரையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் வருவார். “அர்த்தநாரி, காத்து?” என்பார். “இருக்குதுங்க” என்பேன். அவ்வளவுதான். நான் விடியற்காலையில் வந்து பன்னிரண்டையும் அளந்து முடித்திருப்பேன். அவர் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். மனிதனை மனிதன் நம்பிய காலம் அது. அவர் ஓய்வு பெற்றார். மாசி மாதம் ஜெபக்கனி அம்மையார் வந்து சேர்ந்தார்.

உடன்குடிப் பக்கம். வயது முப்பத்தொன்று. அதோ, இரண்டாவது கொட்டகையில் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். வேலை தெரிந்தவர் என்பதை நான் மறுக்க மாட்டேன். வந்த முதல் நாளே என்னை “அண்ணாச்சி” என்று அழைத்தார். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். எனக்குச் சுருக்கென்றது. பிறகு பழகிவிட்டது. பிறகு... பிடித்தும்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை விடுங்கள்.

அம்மையார் ஓர் ஏட்டைக் கொண்டுவந்தார். அட்டையில் செருகிய தாள். விமானம், சக்கரம், அளவு, நேரம், கையெழுத்து என்று கட்டம் கட்டியிருந்தது. தினமும் காலையில், முதல் விமானம் கிளம்பும் முன், சக்கரம் ஆறிக் கிடக்கும்போது அளந்து எழுத வேண்டுமாம். எழுதுவதில் எனக்கு என்ன தயக்கம்? என் கையெழுத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அச்சில் வார்த்தது போல இருக்கும். எழுதினேன்.

முதல் வாரத்தில் ஒரு நாள். பயிற்சி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். நான் இருபத்தொன்பது என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அம்மையார் தம் சட்டைப் பையிலிருந்து காற்றளக்கும் கேஜ் ஒன்றை எடுத்தார். குனிந்தார். என் சக்கரத்தில் வைத்து அழுத்தினார்.

“அண்ணாச்சி, இருபத்தெட்டுல்லா காட்டுது?”

அவ்வளவுதான் சொன்னார். பின்னாலிருந்து ஒரு பையன், “மேடம், அண்ணனோட ஒரு பவுண்டு எஸ்கேப் ஆயிருச்சுங்க!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் நான் கொட்டகைக்குள் நுழையும்போது, “ஒரு பவுண்டு வர்றாரு, வழிய விடுங்கடா” என்று ஒரு குரல். அதற்கடுத்த நாள் சமையற்காரர்கூட, “ஒரு பவுண்டண்ணா, சட்னி வேணுங்களா?” என்று கேட்டார். பதினோரு ஆண்டுகள் ஐயா. பதினோரு ஆண்டுகள் அர்த்தநாரியாக இருந்தவன் ஒரே வாரத்தில் ஒரு பவுண்டு ஆகிவிட்டேன்.

அம்மையாருக்கு அது தெரிந்தது. தேநீர் வேளையில் என்னிடம் வந்து உட்கார்ந்தார். “அண்ணாச்சி, அந்தப் பயலுவ சிரிச்சது என் தப்பு. நாலு பேருக்கு முன்னால நான் அளந்திருக்கக் கூடாது. இனிமே நீங்க எழுதுறதுதான் எனக்கு அளவு. நான் மேல கை வைக்க மாட்டேன்” என்றார். பார்த்தீர்களா? தவறு தம்முடையது என்று அவரே ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். அதன்பின் அவர் கேஜ் பையை விட்டு வெளியே வரவில்லை.

எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். “ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க. ஓடி வந்த சூட்டுல சக்கரத்தத் தொடாதிய.” என் கை சுட்டுவிடும் என்று அந்த அம்மையாருக்குக் கவலை! கொதிக்கும் தார்ச் சாலையில் லாரிச் சக்கரம் கழற்றிய கை இது. இந்தக் காய்ப்பைத் தொட்டுப் பாருங்கள். நான் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு முடிவு செய்தேன். இனி என் வாழ்நாளில் அந்த ஏட்டில் ஓர் எண் பிசகக் கூடாது. யார் எந்தக் கேஜை வைத்தாலும் முள் இருபத்தொன்பதின் மேல் நிற்க வேண்டும். காலையில் அவசரம். மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். ஒருவன் வாய்க்குள் சிரிப்பான். அந்தச் சிரிப்பின் நடுவே குனிந்து அளக்கும்போது கேஜ் நேராக உட்காருவதில்லை. அதனால்தான் ஒரு பவுண்டு தப்புகிறது. ஆகவே முந்திய நாள் மாலையே அளந்து, திருத்தி, வைத்துவிட்டால் என்ன? நான்கு மணிக்கு எல்லா விமானங்களும் இறங்கிவிடும். மாணவர்கள் குளிக்கப் போய்விடுவார்கள். கொட்டகையில் நானும் சக்கரங்களும்தான். நிதானமாகச் செய்யலாம். இதற்குப் பெயர் முன்யோசனை. இதில் என்ன குற்றம்? நீங்களே சொல்லுங்கள்.

அது பங்குனி. அடுத்துச் சித்திரை. இந்தத் திடலின் வெயிலை நீங்கள் அறிய மாட்டீர்கள். ஓடுபாதையில் முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்துவிடலாம். அந்த வெயிலில் பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே மணி நேரத்தில் ஏழெட்டு முறை சக்கரத்தைத் தரையில் தேய்த்துவிட்டு வருவார்கள். மாலையில் கேஜை வைத்தால் முப்பத்து மூன்று! முப்பத்து நான்கு! நான் திடுக்கிட்டேன். என்னைச் சிக்கவைக்க எவனோ கம்ப்ரசரில் கூடுதலாக அடித்து வைக்கிறான் என்றே நினைத்தேன். என் நிலையில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். வால்வின் முள்ளை நகத்தால் அழுத்தினேன். சுஸ்ஸென்று கொஞ்சம் போனது. மீண்டும் அளந்தேன். மீண்டும் அழுத்தினேன். இருபத்தொன்பது வந்ததும் மூடியை முடுக்கினேன். தினமும் மாலையில் அளந்தேன், கூடியிருந்தால் இறக்கினேன். ஒரு நாளும் தவறவில்லை.

காலையில் ஆறு மணிக்கு வந்து ஏட்டில் எழுதுவேன். எண், நேரம், கையெழுத்து. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் பொய் எழுதவில்லை. எண், நான் என் கண்ணால் கண்ட எண். நேரம், ஏடு கேட்ட நேரம். இரண்டும் உண்மை. பூட்டிய கொட்டகையில் அசையாமல் நிற்கும் சக்கரத்திலிருந்து காற்று எங்கே போகும்? நடந்தா போகும்?

இரண்டே வாரத்தில் ‘ஒரு பவுண்டு’ என்ற பெயர் போய்விட்டது. சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துவிட்டது. ஏடு முழுக்க இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. பக்கத்தைப் புரட்டினால் பாத்தி கட்டி நட்டது போல இருந்தது. கேப்டன் ஒரு முறை அதை வெளியூர் அதிகாரி ஒருவரிடம் காட்டினார். “இந்த மாதிரி ரெக்கார்டு பார்த்திருக்கீங்களா?” என்றார். நான் அருகில்தான் நின்றிருந்தேன்.

கோகிலவாணியைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. கவுந்தப்பாடிப் பெண். இருபது வயது. அவள் தந்தை வெல்லம் காய்ச்சுகிறவர். அவள் ஒருத்திதான் என்னை ஒரு நாளும் அந்தப் பெயர் சொல்லி அழைக்காதவள். “ஐயா” என்பாள். இறக்குவதில் அவளுக்கு இணை இந்தப் பள்ளியில் இல்லை. “டேஷ்போர்டு மேல டீ டம்ளர் வச்சிருந்தாக்கூடச் சிந்தாதுய்யா” என்று கேப்டன் சொல்லுவார். கேப்டன் யாரையும் எளிதில் புகழ்கிறவர் அல்லர். என்னையே அந்த ஒரு முறைதான் புகழ்ந்தார்.

ஒவ்வொரு முறை பறக்கும் முன்னும் அவள் என்னிடம் வருவாள். “ஐயா, காத்து போதுங்களா?” மற்றவர்கள் சக்கரத்தை ஷூவால் ஓர் உதை உதைத்துவிட்டு ஏறிவிடுவார்கள். அவள் கேட்பாள். நான் ஏட்டைத் திருப்பிக் காட்டுவேன். “என் எழுத்தைப் பார் அம்மா.” பார்ப்பாள். தலையை ஆட்டுவாள். ஏறிவிடுவாள். கேஜ் கொடு, நானும் அளக்கிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் எழுத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு மதிப்பு.

வைகாசி இரண்டாம் புதன்கிழமை. காலை ஏழே கால். முந்திய நாள் இரவு மழை பெய்து திடல் குளிர்ந்து கிடந்தது. அவள் தனியாகப் பறக்கும் நாள். ஆசிரியர் அருகில் இல்லாமல் போவது அவளுக்கு அது நான்காவது முறை. வந்தாள். கேட்டாள். காட்டினேன். போனாள்.

நான் இதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அழகாக இறங்கினாள். மூன்று சக்கரமும் தரையைத் தொட்ட சத்தம்கூட இல்லை. கொஞ்ச தூரம் நேராக ஓடியது. பிரேக்கைத் தொட்டிருப்பாள். அவ்வளவுதான். இடது பக்கம் திடீரென்று குழைந்தது. காதைப் பிடித்துத் திருகினாற்போல விமானம் இடப்புறம் திரும்பிப் புல்லுக்குள் பாய்ந்தது. மழைநீர்க் கால்வாயில் மூக்கைக் குத்தி நின்றது. முன்விசிறி வளைந்துபோயிற்று.

எல்லோரும் ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவளே கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். கீழுதட்டில் ரத்தம். வேறு காயம் ஒன்றுமில்லை. இறங்கியவள் விமானத்தைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சக்கரத்தின் மேல் ஒரு கவசம் இருக்கும் ஐயா, மீன்தலை போல. முக்கால் டயரை அது மறைத்துவிடும். அம்மையார் அதைக் கழற்றினார். டயரையும் ரிம்மையும் சேர்த்துச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு வைப்பது வழக்கம். டயர் நழுவினால் கோடு இரண்டாக உடைந்து தெரியும். உடைந்திருந்தது. நான்கு விரல் தள்ளி. உள்ளே டியூபின் வால்வு வேரோடு அறுந்து கிடந்தது.

கேப்டனிடம் அம்மையார் சொன்னது எனக்கும் கேட்டது. “காத்து கொறஞ்சா டயர் ரிம்மப் பிடிக்காது சார். பிரேக் போட்டா ரிம் நின்னுரும், டயர் மட்டும் சுத்தும், வால்வு அறுந்துரும்.” கேப்டன், “காத்து சரியா இருந்து, அவ பிரேக்க வெறிபிடிச்சு மிதிச்சிருந்தாலும் இதேதான் நடக்கும்” என்றார். ஆக, இரண்டில் ஒன்று. காற்றின் பிழை, அல்லது காலின் பிழை. சக்கரம் வெறுமையாகிவிட்டது, இனி அதை அளக்க முடியாது. எதைக் கொண்டு முடிவு செய்வது? ஏட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது சக்கரம், இருபத்தொன்பது. காலை ஆறு ஐந்து. அர்த்தநாரி.

ஏடு அவள் காலைக் குற்றம் சொன்னது. நான் எதுவும் சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வந்தேன். எதற்கென்று கேட்காதீர்கள், தூக்கம் வரவில்லை, வந்தேன். கொட்டகையைத் திறந்தேன். மீதி மூன்று விமானங்கள் நின்றன. முந்திய மாலை நான் அளந்து, இருபத்தொன்பதில் நிறுத்திவிட்டுப் போனவை. டயரில் கை வைத்தேன், மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. கேஜை வைத்தேன். இருபத்து நான்கு. அடுத்தது இருபத்து நான்கு. அடுத்தது இருபத்து மூன்று. ஆறு பின்சக்கரங்களிலும் ஐந்து, ஆறு பவுண்டு குறைவு. அலமாரியிலிருந்து பழைய கேஜை எடுத்துவந்து அளந்தேன். அதுவும் அதையே சொன்னது.

கேஜ் குளிரில் தடுமாறியிருக்கலாம். இரண்டு கேஜும் சேர்ந்து தடுமாறக் கூடாதென்று சட்டம் இருக்கிறதா? கம்ப்ரசரைப் போட்டேன். ஆறுக்கும் காற்றடித்தேன். இருபத்தொன்பது. ஏட்டில் எழுதினேன். அன்றிலிருந்து இன்றுவரை விடியற்காலையில்தான் அளக்கிறேன். மாலையில் தொடுவதில்லை. காரணம் ஒன்றுமில்லை. காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று எல்லாப் பத்திரிகையிலும் எழுதுகிறார்கள்.

அதற்கு மூன்றாம் நாள் கேப்டன் அந்தப் பெண்ணைத் தம்முடன் ஏற்றிக்கொண்டு பறந்தார். இறக்கினாள். இறக்கியவள் பிரேக்கில் காலை வைக்கவே இல்லை. விமானம் பாதையின் கடைசிவரை ஓடிற்று. கேப்டன் கத்தினார், பிறகு தாமே மிதித்து நிறுத்தினார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் இறக்கவே மறுத்துவிட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டாளாம். டீ டம்ளர் சிந்தாமல் இறக்கியவள் ஐயா.

அப்போதுதான் அம்மையார் என்னிடம் வந்தார். டயர் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில், ஒரு டயரைப் படுக்கப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, உங்களக் குத்தம் சொல்ல வரல. அன்னைக்கு எத்தன மணிக்கு அளந்திய?”

“ஏட்டில் இருக்கிறது.”

“ஏட்ட நானும் படிச்சேன். உங்ககிட்டத்தான் கேக்கேன்.”

அவர் கையிலிருந்த கந்தலால் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “சாயங்காலம் நாலு நாலரைக்குச் சுஸ்ஸு சுஸ்ஸுன்னு சத்தம் கேட்டிருக்கு எனக்கு. நான் எஞ்சினுக்குள்ள கெடந்தேன். நீங்க காத்தப் பீச்சித் தூசி தட்டுதியன்னு நெனச்சேன். எந்திச்சு வந்து பாத்திருக்கணும். பாக்கல. உங்க மேல கை வைக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்லா.”

“அப்படியானால் அது உங்கள் தவறு” என்றேன்.

“என் தவறுதான். எழுதித் தாரேன். ஆனா நான் சத்தம் கேட்டேன்னு சொன்னா யாரு நம்புவா? நீங்க ஒரு வார்த்த சொல்லணும். முன்விசிறி வளைஞ்சா வேற மாட்டலாம் அண்ணாச்சி. அந்தப் பிள்ள தன் காலயே நம்பமாட்டேங்கா. அது வளைஞ்சா எங்க போயி மாட்ட? சூட்டுல காத்து கூடத்தான காட்டும், ஆறுனா கொறஞ்சிரும். சாயங்காலம் அளந்தேன், சூட்டுல காத்த எறக்கினேன்னு சொல்லுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராம நான் நிக்கேன்.”

இப்போது நீங்கள் நடுநிலையோடு யோசியுங்கள். பதினோரு ஆண்டு. ஏடு முழுக்க இருபத்தொன்பது. வெளியூர் அதிகாரியிடம் எடுத்துக்காட்டிய ஏடு. அதை நானே என் வாயால் பொய்யாக்க வேண்டுமாம். அதன்பின் இந்தக் கொட்டகையில் என் பெயர் என்னவாக இருக்கும்? ஒரு பவுண்டுக்கே அந்தச் சிரிப்பு. ஐந்து பவுண்டுக்கு என்ன சிரிப்புச் சிரிப்பார்கள்? இன்னொன்று. என் தகுதியுடைய மனிதனிடம் வந்து மணி கேட்கலாமா? பழைய பொறியாளர் கேட்டிருப்பாரா?

“காலை ஆறு ஐந்து” என்றேன்.

அம்மையார் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வருத்தமில்லை. எழுந்தார். டயரை நிமிர்த்தி அடுக்கில் சாய்த்து வைத்தார்.

“சரி சார்” என்றார்.

சார்! கேட்டீர்களா? அன்று தொடங்கி இன்றுவரை சார்தான். “சார், ஏடு.” “சார், கம்ப்ரசர் சாவி.” எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். காலையில் நான் அளந்த பிறகு தம் கேஜை எடுத்து மறுபடியும் அளக்கிறார், எல்லோர் முன்னாலும். ஏட்டில் இப்போது இரண்டு கையெழுத்து. இரண்டு மாதத்தில் ஒரு நாளாவது ஓர் எண் பிசகியதா என்று அவரிடமே போய்க் கேளுங்கள். பிசகவில்லை. ஆனாலும் சார். மரியாதை கொடுக்கிற மாதிரியே ஒரு மனிதனை இப்படி அவமதிக்க முடியும் என்பதை நான் இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

வைகாசிக் கடைசியில் அந்தப் பெண் புறப்பட்டாள். தந்தை ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பெட்டி, பாய், மேசைவிளக்கு எல்லாம் ஏற்றினார்கள். நான் டயர்களுக்கு இடையில் வேலையாக இருந்தேன். வேலை இருந்தது. ஒளிந்துகொண்டிருந்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“ஐயா, போய்ட்டு வரேனுங்க.”

“மகிழ்ச்சியாகப் போய் வா அம்மா.”

போகவில்லை. நின்றாள். துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டே, “மன்னிச்சுக்கோங்கய்யா. நீங்க அத்தன அக்கறையா வச்சிருந்த சக்கரம். நாந்தான் எப்படியோ மிதிச்சுக் கெடுத்துட்டேன். உங்க பேருக்கும் கெட்ட பேரு வந்திருக்கும்” என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பெரியவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். அவள் தலையில் கை வைத்து, “பரவாயில்லை அம்மா. தவறு எல்லோருக்கும் நேர்வதுதான்” என்றேன். மன்னித்துவிட்டேன் ஐயா. மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

அவள் வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. அன்னிக்குக் காலைல நீங்க அளந்தப்போ... நெசமாவே சரியா இருந்துச்சுங்களா?”

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நான் சினந்திருப்பேன். அவள் முகம்... அதை எப்படிச் சொல்வது? மருத்துவமனையில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பவர்கள், மருத்துவர் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பார்களே, அப்படி இருந்தது. அவள் தந்தை வேனருகில் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எனக்கு வாய் வறண்டுவிட்டது. கோடைக் காலம் அல்லவா.

“இருபத்தொன்பது அம்மா” என்றேன்.

“அப்போ என் காலுதானுங்க” என்றாள். அழவில்லை. தலையை ஆட்டினாள், ஏட்டைப் பார்த்து ஆட்டுவாளே, அதே மாதிரி. போய்விட்டாள்.

இப்போது வெல்ல ஆலையில் தந்தைக்கு உதவியாக இருக்கிறாளாம். ஸ்கூட்டரைக்கூடத் தொடுவதில்லையாம்; எங்கே போனாலும் தம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு போகிறாளாம். சமையற்காரரின் மைத்துனர் அந்தப் பக்கம் போய்வருகிறவர், அவர் சொன்னார். நான் விசாரிக்கவில்லை, அவராகச் சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

இதுதான் ஐயா நடந்தது. ஒரு மனிதன் பதினோரு ஆண்டு ஒழுங்காக வேலை செய்ததற்குக் கிடைத்த பரிசு. உங்கள் மகளைத் தைரியமாகச் சேருங்கள். சக்கரத்தைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம்.

என்ன? அந்தப் பெண்ணின் ஊரா? கவுந்தப்பாடி என்றேனே. எதற்குக் கேட்கிறீர்கள்? பேனாவை எதற்கு எடுக்கிறீர்கள்?

நீங்கள் ஈரோட்டுப் பக்கம் திரும்பிப் போகிறவரா... ஓகோ. வழியில்தான் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். யாரை வேண்டுமானாலும் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் யார் தடுக்க?

எழுதிக்கொள்ளுங்கள். கவுந்தப்பாடி நாலுரோட்டில் இறங்க வேண்டாம். அங்கே இறங்கினால் இரண்டு மைல் நடக்க நேரும். அதற்கு அடுத்த நிறுத்தம், வாய்க்கால் பாலம். பாலத்தை ஒட்டித் தெற்கே போகும் மண் பாதையில் போனால் மூன்றாவது ஆலை. தகரக் கூரை. வாசலில் ஒரு புங்கமரம் நிற்கிறது. தந்தையின் பெயர் பொங்கியண்ணன். திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று அவர் சந்தைக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் இருவரும் இருப்பார்கள்.

ஒரு தடவை போயிருக்கிறேன். ஆனி மாதம். பாலம்வரைதான் போனேன். உடனே எதிர்ப் பேருந்து வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

என்ன எழுதினீர்கள், காட்டுங்கள். வாய்க்கால் பாலம், தெற்கே, மூன்றாவது ஆலை. சரி. அதன் கீழே இதையும் எழுதுங்கள்: மாலை நான்கரை மணி. சக்கரம் சூடாக இருந்தது. ஐந்து பவுண்டு.

என் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டால் சொல்லுங்கள்.